பத்தில் எட்டுப் பேர் என்றால் எவ்வளவு உறுதி?
பயனர் ஆய்வில் புள்ளியியல்: வாசகர் கேள்வி பதில்

செயலிகளையும் இணையதளங்களையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், கடைகளையும் சேவைகளையும் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஆராயும்போது புள்ளியியலை எவ்வாறு கையாள்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். கணக்கு வருகிற இடங்களில் செல்பேசியில் உள்ள கால்குலேட்டரே போதும். வாசகர்கள் தாங்களே ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: நான் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். "ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தால் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும், அதற்கு மேல் செய்வது வீண் செலவு" என்கிறார் எங்கள் மேலாளர். இது சரியா?
— வாசகி, சென்னை

பதில்: அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதும் விளங்கிவிடும். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகிய இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எடுத்துக்கொண்ட திட்டங்களில் ஒரு குறை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று கண்டார்கள். அப்படியானால் ஒருவரிடம் அது வெளிப்படாமல் போகும் வாய்ப்பு 69 சதவீதம். ஐந்து பேரிடமும் வெளிப்படாமல் போகும் வாய்ப்பை அறிய 0.69-ஐ ஐந்து தடவை எழுதிப் பெருக்கினால் 0.16 வரும். மீதி 84 சதவீதம். அதைத்தான் 85 என்று பலரும் சொல்லி வருகிறார்கள்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 31 சதவீதம் எல்லாக் குறைகளுக்கும் பொருந்துகிற எண் அன்று, ஒரு சராசரி மட்டுமே. பத்தில் ஒருவரை மட்டும் தடுக்கிற குறையாக இருந்தால், 0.9-ஐ ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள்: ஐந்து பேரைச் சோதித்தாலும் அது கண்ணில் படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். இருபதில் ஒருவரைத் தடுக்கும் குறை என்றால் அந்த வாய்ப்பு 23 சதவீதமாகக் குறைந்துவிடும். பத்தில் ஒருவருக்கு நேரும் குறையை 85 சதவீத வாய்ப்புடன் பிடிக்க வேண்டுமென்றால் 18 பேரையும், இருபதில் ஒருவருக்கு நேருவதைப் பிடிக்க 37 பேரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் செயலியிலேயே நேரக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கண் பார்வை மங்கியதால் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒரு முதியவர் தம் பெயரையும் வயதையும் கொடுத்து, கடைசியில் செல்பேசி எண்ணையும் தட்டி முடிக்கிறார். எழுத்து பெரிதானதால் "உறுதிசெய்" என்ற பொத்தான் கீழே தள்ளப்பட்டிருக்கிறது. எண்களைத் தட்டுவதற்காக மேலே எழும்பிய விசைப்பலகை அதை முழுவதும் மறைத்துக்கொண்டிருக்கிறது. திரையில் தவறு என்று எதுவும் சொல்லப்படவில்லை. எல்லாம் கொடுத்தாகிவிட்டது, பதிவு ஆகிவிட்டது என்று நினைத்து அவர் செல்பேசியைக் கீழே வைத்துவிடுகிறார். மறுநாள் மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தம் பெயர் பட்டியலில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கிடைத்த ஐந்து இளைஞர்களை வைத்துச் சோதித்தால் இந்தக் குறை ஒருநாளும் வெளிப்படாது, ஏனென்றால் அவர்களில் ஒருவரும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, ஐந்து பேர் என்ற வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரே மூச்சில் பதினைந்து பேரைப் பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்து, கண்ட குறைகளைத் திருத்தி, திருத்திய செயலியை வேறு ஐந்து பேரிடம் கொடுத்து, அதன் பிறகு மூன்றாவது சுற்றுக்குப் போவது மிகவும் பயன் தரும். நீல்சனே அப்படித்தான் பரிந்துரைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு வகையான நோயாளிகள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேலாளரிடம் பேசும்போது, "எத்தனை பேர் போதும்" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை பேரில் ஒருவருக்கு நேரும் குறையை நாம் விட்டுவிடச் சம்மதிக்கிறோம்" என்று கேளுங்கள். மருத்துவமனைச் செயலியில் அதற்கு விடை சொல்ல யாரும் ஒரு நிமிடமாவது தயங்குவார்கள்.

கேள்வி: பத்துப் பேரிடம் சோதித்ததில் எட்டுப் பேர் வேலையை முடித்தார்கள். அறிக்கையில் "வெற்றி விகிதம் 80 சதவீதம்" என்று எழுதினேன். பத்துப் பேரை வைத்துச் சதவீதம் போடலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போடலாம், ஆனால் அதனுடன் நம்பிக்கை இடைவெளியையும், அதாவது உண்மையான விகிதம் எந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கக்கூடும் என்பதையும், சேர்த்துப் போட வேண்டும். அதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஆலன் அக்ரெஸ்டி, பிரென்ட் கூல் என்னும் இரு புள்ளியியலாளர்கள் 1998-இல் எழுதிய கட்டுரை அந்த வழியைப் பரவலாக்கியது. கிடைத்த முடிவோடு இரண்டு வெற்றிகளையும் இரண்டு தோல்விகளையும் கூட்டிக்கொண்டு கணக்கைத் தொடங்க வேண்டும்.

உங்களுக்கு 10-இல் 8. கூட்டிய பிறகு 14-இல் 10, அதாவது 0.714. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.286. இரண்டையும் பெருக்கினால் 0.204, அதை 14-ஆல் வகுத்தால் 0.0146, அதன் வர்க்கமூலம் 0.121. இதை இரண்டு மடங்காக்கினால் 0.24. இந்த 24-ஐ 71-இலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால், உண்மையான வெற்றி விகிதம் ஏறத்தாழ 47 சதவீதத்துக்கும் 96 சதவீதத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்லலாம்.

இவ்வளவு அகலமான இடைவெளியால் என்ன பயன் என்று உங்கள் கூட்டத்தில் கேட்பார்கள். அதே கணக்கைத் தோல்வியின் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுங்கள். வெற்றி அதிகம் போனால் 96 சதவீதம் என்றால், தோல்வி குறைந்தபட்சம் 4 சதவீதம். நல்லதையே நினைத்துக்கொண்டு பார்த்தாலும் ஒரு லட்சம் பேர் பயன்படுத்தும் செயலியில் நாலாயிரம் பேர் வேலையை முடிக்க முடியாமல் திரும்பிப் போவார்கள். நிலைமை மோசமாக இருந்தால் பாதிப் பேர். அந்த இடத்தைத் திருத்த வேண்டுமா என்று முடிவெடுக்க இது தாராளமாகப் போதும். சிறிய மாதிரியைக் கொண்டு "நன்றாக இருக்கிறது" என்று நிறுவுவது கடினம். "இங்கே கோளாறு இருக்கிறது" என்று நிறுவுவது எளிது. பயனர் ஆய்வில் பெரும்பாலும் நமக்கு வேண்டியது இரண்டாவதுதான் என்பதால், பத்துப் பேர் என்று யாரும் கூச வேண்டியதில்லை.

ஒருவர்கூடத் தோற்கவில்லை என்றால் அதற்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: மூன்றைச் சோதித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். 30 பேரில் ஒருவரும் தடுமாறவில்லை என்றால், உண்மையான தோல்வி 10 சதவீதம் வரைகூட இருக்கலாம். "குறையே இல்லை" என்று எழுதத் தோன்றும்போது இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் என் விருப்பம், "10 பேரில் 8 பேர் முடித்தனர்; 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 47 முதல் 96 வரை" என்று எழுதுவது. ஆள் எண்ணிக்கையை மறைத்துச் சதவீதத்தை மட்டும் தருவது படிப்பவரைத் தவறான உறுதிக்குக் கொண்டுபோகும்.

கேள்வி: 30 பேருக்குக் குறைந்தால் புள்ளியியல் கணக்கே செய்யக்கூடாது என்று கல்லூரியில் படித்தேன். உண்மையா?
— மாணவி, வேலூர்

பதில்: இல்லை. சிறிய மாதிரிக்கென்றே பிறந்த கணக்குதான் டி-பரவல். டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், பார்லி போன்ற மூலப்பொருள்களைப் பற்றி மிகச் சில அளவீடுகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால் அதை உருவாக்கி, 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். மாதிரி சிறியதானால் இடைவெளி அகலமாகும், அவ்வளவுதான், கணக்கு செல்லாததாகிவிடாது.

கேள்வி: ஒரு படிவத்தை நிரப்ப ஏழு பேருக்கு ஆன நேரம் நொடிகளில் 40, 45, 52, 60, 68, 75, 300. கடைசி நபரை நீக்கிவிட்டுச் சராசரி எடுக்கலாமா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: நீக்கக்கூடாது. அவர் ஐந்து நிமிடம் தவித்திருக்கிறார். உங்கள் ஏழு பேரில் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் ஆள் அவர்தான். எந்த வரியில் நின்றார், என்ன தேடினார் என்ற குறிப்புகளை முதலில் எடுத்துப் பாருங்கள்.

சராசரி பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. ஏழையும் கூட்டி வகுத்தால் 91 நொடி வருகிறது. ஆனால் ஏழில் ஆறு பேர் அதைவிட விரைவாக முடித்திருக்கிறார்கள். நேரத்துக்குக் கீழே ஓர் எல்லை உண்டு, மேலே எல்லை கிடையாது; அதனால் ஓரிருவர் எப்போதும் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள். இதற்கு ஒரு வழி, வரிசைப்படுத்தி நடுவில் உள்ள 60 நொடியை இடைநிலையாகச் சொல்வது. மற்றொரு வழி பெருக்குச் சராசரி: ஒவ்வொரு நேரத்துக்கும் மடக்கை எடுத்து, அவற்றின் சராசரியைக் கண்டு, திரும்ப நொடியாக மாற்றினால் ஏறத்தாழ 70 வரும். ஜெஃப் சாரோவும் ஜேம்ஸ் லூயிஸும் 2010-இல் இதை ஆராய்ந்து, 25 பேருக்குக் குறைவான சோதனைகளில் பெருக்குச் சராசரியே உண்மைக்கு நெருக்கமாக இருப்பதாகக் காட்டினார்கள். அதைப் பயன்படுத்துங்கள், 300 நொடி ஆனவரைப் பற்றி அறிக்கையில் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள்.

கேள்வி: வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடையில் கிளை மேலாளராக இருக்கிறேன். "எங்கள் கடையை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை மதிப்பெண் தாருங்கள்" என்று ஒவ்வொரு மாதமும் 100 வாடிக்கையாளர்களிடம் கேட்கிறோம். போன மாதம் 30 இருந்த என்பிஎஸ் (அந்தப் பதில்களிலிருந்து கணக்கிடும் பரிந்துரை மதிப்பெண்) இந்த மாதம் 38 ஆகியிருக்கிறது. தலைமை அலுவலகம் பாராட்டுகிறது. பக்கத்துக் கிளையில் 30-இலிருந்து 23-க்கு இறங்கியதால் அங்கே விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை எவ்வளவு நம்பலாம்?
— வாசகர், மதுரை

பதில்: பாராட்டையும் விளக்கக் கடிதத்தையும் இரண்டையும் நிறுத்திவைப்பதே முறை.

ஃப்ரெட் ரைக்ஹெல்டு 2003-இல் ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ இதழில் அறிமுகப்படுத்திய இந்த அளவில் 9, 10 தருபவர்கள் ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை தருபவர்கள் குறைகூறுபவர்கள். 7, 8 தருபவர்கள் இந்த இரண்டு பக்கத்திலும் சேர்வதில்லை. ஆதரவாளர் சதவீதத்திலிருந்து குறைகூறுபவர் சதவீதத்தைக் கழித்தால் மதிப்பெண். இப்படி இரண்டு விகிதங்களைக் கழித்து வருவதால் இதன் ஊசலாட்டம் சாதாரணச் சதவீதத்தைவிட அதிகம். 50 பேர் ஆதரவு, 20 பேர் குறை என்று 30 வந்திருந்தால், 100 பேரை வைத்து அந்த 30-இன் பிழை எல்லை கூட்டல் கழித்தல் 15, அதாவது உண்மையான மதிப்பெண் 15 முதல் 45 வரை எங்கும் இருக்கலாம். இரண்டு மாதங்களை ஒப்பிடும்போது இரண்டு மாதப் பிழைகளும் சேர்ந்துகொள்வதால், ஏறத்தாழ 21 புள்ளிக்கு மேல் மாறினால்தான் அது தற்செயல் அல்ல என்று சொல்லத் துணியலாம். எட்டுப் புள்ளி உயர்வை நம்பிச் சொல்வதற்கு மாதந்தோறும் 700 பேருக்கு மேல் கேட்டிருக்க வேண்டும். கடையில் எதுவும் மாறாமலேயே உங்கள் கிளையில் எட்டு ஏறவும் பக்கத்துக் கிளையில் ஏழு இறங்கவும் முடியும். அதற்காக அங்கே உழைக்கும் ஒருவர் பதில் சொல்ல நேர்வது அநியாயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பில் போட்ட கையோடு, விற்பனையாளர் எதிரே நிற்க, "சார், பத்து போட்டுடுங்க, இல்லைன்னா எங்களுக்குத்தான் பிரச்சினை" என்று கேட்டு வாங்கும் மதிப்பெண் வாடிக்கையாளரின் கருத்து அன்று, அவருடைய இரக்கம். மாதிரியை 700 ஆக்கினாலும் 7,000 ஆக்கினாலும் இந்தக் கோணல் நிமிராது. இரண்டு நாள் கழித்து, கடையோடு தொடர்பில்லாத ஒருவர் தொலைபேசியில் கேட்கும்படி செய்து, மூன்று மாதத்தைச் சேர்த்து ஒரு முறை கணக்கிடுங்கள்.

கேள்வி: எங்கள் செயலிக்குள் வைத்த கருத்துக்கணிப்புக்கு ஒரே வாரத்தில் 12,000 பேர் பதில் அளித்தார்கள். 91 சதவீதம் பேர் திருப்தி. இவ்வளவு பெரிய எண்ணிக்கையையும் சந்தேகிக்க வேண்டுமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றல்லவா சொல்கிறோம்?
— வாசகர், பெங்களூரு

பதில்: பானை முழுவதும் ஒரே தீயில் கொதித்திருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். உங்கள் பானையின் அடிப்பகுதிக்குக் கரண்டி போகவே இல்லை. செயலிக்குள் கேட்ட கேள்விக்கு, செயலிக்குள் நுழைய முடிந்தவர்கள் மட்டுமே பதில் சொல்ல முடியும். ஓடிபி வராமல் வெளியே நின்றவரும், பிடிக்காமல் செயலியையே நீக்கிவிட்டவரும், ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி புரியாமல் மூடிவிட்டவரும் அந்த 12,000-இல் இல்லை.

எண்ணிக்கை இந்தக் குறையைப் போக்காது என்பதற்கு 1936-இல் அமெரிக்காவில் நடந்ததைவிடப் பெரிய சான்று தேவையில்லை. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை அதிபர் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரும்பப் பெற்று, ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். பத்திரிகை பயன்படுத்திய முகவரிகள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பதிவிலிருந்தும் வந்தவை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். அட்டை கிடைத்தவர்களிலும், ரூஸ்வெல்டை எதிர்த்தவர்களே அதிக ஆர்வத்துடன் திருப்பி அனுப்பினார்கள். ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் கேட்ட ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

இரண்டாம் உலகப்போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்த ஆபிரகாம் வால்டு இதே கேள்வியைப் போர் விமானங்களில் எதிர்கொண்டார். திரும்பி வந்த விமானங்களில் குண்டுத் துளைகள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் ராணுவத்திடம் இருந்தது. ஆனால் அந்த இடங்களில் அடிபட்டும் அவை திரும்பி வந்திருக்கின்றன. வேறு இடங்களில் அடிபட்டவை திரும்பவே இல்லை. திரும்பாதவற்றையும் கணக்கில் கொண்டுவரும் முறையை வால்டு வகுத்துத் தந்தார். (இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்த அவர், 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.) உங்கள் 91 சதவீதம் திரும்பி வந்த விமானங்களின் கணக்கு.

செய்ய வேண்டியதற்கும் நம் நாட்டிலேயே வழிகாட்டி இருக்கிறார். கொல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பி. சி. மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி எடுத்துக் கணக்கிட்டபோது, விவரம் சேகரிக்கும் ஆளின் தவறு முடிவில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அறிய ஒரு முறையைக் கையாண்டார். ஒரே பகுதியிலிருந்து இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களை அனுப்புவார். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். பெரிதாக வேறுபட்டால் வயலில் அல்ல, கேட்கும் முறையில் கோளாறு. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் இந்த முறை இடம்பெற்றது. நீங்களும் பதிவு செய்த எல்லோருடைய பட்டியலிலிருந்து, செயலியை நீக்கியவர்கள் உட்பட, குலுக்கல் முறையில் 400 பேரை எடுங்கள். இருநூறு இருநூறாகப் பிரித்து இருவரிடம் கொடுத்து, அவரவர் மொழியில் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். எடுக்காதவர்களை மூன்று நான்கு தடவை வெவ்வேறு நேரங்களில் அழைக்க வேண்டும். அங்கேதான் உழைப்பு இருக்கிறது. பெரும்பாலானோரைப் பிடித்துவிட்டால், பிழை எல்லை கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துடன் வரும் அந்த விடை, 12,000 பேரின் விடையைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: இணையத்தில் துணி விற்கிறோம். "வாங்கு" பொத்தானை இரண்டு விதமாக வைத்து ஏ/பி சோதனை செய்கிறோம். தினமும் மாலையில் முடிவைப் பார்க்கிறேன். நான்காம் நாள் "95 சதவீதம் உறுதி" என்று மென்பொருள் பச்சை விளக்குக் காட்டியது. நிறுத்திவிடலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்த வேண்டாம். இரண்டு பொத்தான்களுக்கும் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு முறை பார்த்தால் நூற்றில் ஐந்து தடவை அந்த விளக்குத் தவறாக எரியும். அதற்குச் சம்மதித்துத்தான் 95 என்கிறோம். சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, எரிந்த அன்றே நிறுத்துவதென்றால் தவறுக்கான வாய்ப்பு 14 சதவீதம். பத்து முறை பார்த்தால் 19 சதவீதம்.

எத்தனை பேர் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இப்போது நூறு பேர் பார்த்தால் நால்வர் வாங்குகிறார்கள், அது ஐவர் ஆனால் லாபம் என்று வைத்துக்கொள்வோம். 0.04-ஐ 0.96-ஆல் பெருக்கி, 16-ஆல் பெருக்கி, வேறுபாடான 0.01-இன் வர்க்கத்தால் வகுத்தால் 6,144. ஒவ்வொரு பொத்தானையும் ஏறத்தாழ 6,100 பேர் பார்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். முழு வாரங்களாக ஓட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை வாங்குபவரும் செவ்வாய்க்கிழமை வாங்குபவரும் ஒரே மாதிரி அல்லர். தீபாவளிக்கு முந்தைய பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள். அவ்வளவு பேர் வர மாட்டார்கள் என்றால், ஏ/பி சோதனை உங்கள் கடைக்கு ஏற்ற கருவி அல்ல. ஐந்து வாடிக்கையாளர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இடையிடையே பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்காகத் தொடர்முறைப் பகுப்பாய்வு என்ற தனிக் கணக்கு இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன அதே வால்டு போர்க்காலத்தில் வகுத்தது அது. உங்கள் மென்பொருளில் அந்த வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நம்ப முடியாத அளவு நல்ல முடிவு வந்தால் கூடுதல் கவனம் தேவை. மைக்ரோசாஃப்டின் பிங் தேடுதளத்தில் 2012-இல் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தைச் சிறிது மாற்றியபோது, வருமானம் அளவுக்கு மீறி உயர்ந்ததாக எச்சரிக்கை மணி அடித்தது. வழக்கமாக அப்படி அடித்தால் எங்கோ பிழை என்றுதான் பொருள். பிழையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. சோதனையைத் திரும்பவும் நடத்தினார்கள். அதன் பிறகே 12 சதவீத உயர்வு உண்மை என்று ஏற்றார்கள்.

கேள்வி: எங்கள் செயலிக்கு எஸ்யூஎஸ் மதிப்பெண் 68 வந்தது. முதல் வகுப்பு என்று கொள்ளலாமா?
— மாணவர், சேலம்

பதில்: கொள்ள முடியாது. ஒரு செயலியைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று பயனர்களிடம் கேட்டு அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய இந்தப் பத்து வாக்கிய அளவுகோல் 0 முதல் 100 வரை சென்றாலும் அது சதவீதம் அன்று. பல நூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரியே 68 அளவில்தான் நிற்கிறது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். இதில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை வாக்கியமாக வரும். தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் "முழுவதும் ஏற்கிறேன்" என்று ஒரே பத்தியில் டிக் அடித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

கேள்வி: நான் பார்வையற்ற ஆசிரியர். செல்பேசியில் திரைவாசிப்பானைக் கொண்டு ஒரு வங்கிச் செயலியைப் பயன்படுத்துகிறேன். பணம் அனுப்பும் திரையில் மூன்று பொத்தான்களுக்கும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே ஒலிக்கிறது. புகார் செய்தபோது, "எங்கள் ஆய்வில் இப்படி ஒரு குறை பதிவாகவில்லை" என்றார்கள். எங்களைப் போன்றவர்கள் எந்த ஆய்விலும் வருவதே இல்லையா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: குலுக்கல் முறையை மட்டும் நம்பினால் வர மாட்டீர்கள், அதைக் கணக்கே சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் பேர், மக்கள்தொகையில் 0.4 சதவீதம். குலுக்கலில் 100 பேரை எடுத்தாலும், அவர்களில் உங்களைப் போன்ற ஒருவராவது இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். பத்துப் பேரை எடுத்தால் 4 சதவீதம். ஆய்வில் பதிவாகவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மையாக இருக்கலாம். அதிலிருந்து குறை இல்லை என்று முடிவு செய்ததுதான் தவறு.

இதற்குப் புள்ளியியலில் நெடுங்காலமாக வழி இருக்கிறது. சிறிய பிரிவுகளைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் போதுமான பேரை வேண்டுமென்றே எடுப்பது அடுக்குமுறை மாதிரி. பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் என ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பேரைத் தேடிப்போய்ப் பார்ப்பது எந்த வங்கிக்கும் பெரிய செலவு இல்லை. உங்கள் விஷயத்தில் அந்த ஐந்து பேர்கூடத் தேவையில்லை. பெயரிடப்படாத பொத்தான் என்பது ஒருவருக்கு நேர்ந்து இன்னொருவருக்கு நேராமல் போகிற ஒன்று அன்று. நிரலிலேயே இருக்கும் பிழை, அந்தச் செயலியைத் திரைவாசிப்பானுடன் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அது நேரும். ஒரே ஒருவர் சொன்னாலும் போதும், திருத்தியாக வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆசிட் வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டவர்களும் ஒரு பார்வையற்றவரும், கண்ணைச் சிமிட்டச் சொல்வது போன்ற டிஜிட்டல் கேஒய்சி முறைகளைத் தங்களால் முடிக்க இயலவில்லை என்று தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

வங்கிக்கு மறுபடியும் எழுதுங்கள். செல்பேசியின் மாடல், செயலியின் பதிப்பு எண், திரைவாசிப்பானின் பெயர், எந்தத் திரையில் எத்தனையாவது பொத்தான், அதைத் தொட்டபோது என்ன ஒலித்தது என்பவற்றை வரிசையாகக் குறிப்பிட்டு, திரைவாசிப்பானின் குரல் கேட்கும்படி ஒரு திரைப்பதிவையும் இணைத்து அனுப்புங்கள். திருத்தப் போகிற நிரலாளருக்குத் தேவையானதெல்லாம் அதில் இருக்கும். முப்பது நாளில் தீர்வு கிடைக்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அதே கடிதத்தை அனுப்பலாம்.